தொண்டையில் என்னமோ நிக்குதா?



குழுக் கூட்டத்தில் சேமிப்புப் பணத்தை எண்ணி முடித்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு எழுந்திருக்கும் நேரத்தில்தான் நம் பெண்கள் உடம்பைப் பற்றி வாயைத் திறப்பார்கள். முட்டி வலி, வெள்ளைப்படுதல், தலைசுற்றல் எல்லாம் அப்போதுதான் வரும். அந்த வரிசையில் அடிக்கடி காதில் விழும் இன்னொன்று: "தொண்டையில என்னமோ உருண்டையா நிக்குற மாதிரியே இருக்குதுக்கா. முழுங்கினாலும் போகல, துப்பினாலும் வரல."

இதைக் கேட்டதும் பக்கத்தில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "சளிதான், கஷாயம் வச்சுக் குடி" என்பார் ஒருவர். "தைராய்டா இருக்கும்" என்பார் இன்னொருவர். யாராவது ஒருத்தர் குரலைத் தாழ்த்தி, "எங்க சித்திக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது, கடைசியில கேன்சர்னு சொல்லிட்டாங்க" என்பார். அவ்வளவுதான், அன்றைக்கு ராத்திரி அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் போய்விடும். காலையில் உருண்டை இன்னும் பெரிதாகத் தெரியும்.

இதில் யார் சொல்வது சரி? பார்க்காமல் யாருமே சொல்ல முடியாது. ஆனால் எது பயப்பட வேண்டியது, எது வேண்டாதது என்று ஓரளவுக்கு நாமே பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி இருக்கிறது. அதை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சோறு இறங்குதா?

அந்தக் கேள்வி இதுதான்: சாப்பாடு இறங்குகிறதா?

சோறு இறங்குகிறது, இட்லி இறங்குகிறது, தண்ணீர் இறங்குகிறது. சாப்பிடும்போது அந்த உருண்டை மறந்தே போகிறது. சும்மா இருக்கும்போதும், வெறும் எச்சிலை விழுங்கும்போதும் மட்டும் தெரிகிறது. சில நாள் அதிகம், சில நாள் இல்லவே இல்லை. வலி கிடையாது. இப்படி இருந்தால் பெரும்பாலும் அது உள்ளே எதுவும் மாட்டிக்கொள்ளாமலேயே மாட்டிக்கொண்ட மாதிரி தோன்றும் உணர்ச்சி. மருத்துவத்தில் இதற்கு 'குளோபஸ்' என்று பெயர். லத்தீன் மொழியில் உருண்டை என்றுதான் அர்த்தம். நம் பெண்கள் சொல்வதும் அதே வார்த்தைதான், பாருங்கள்.

இது தலைகீழாக இருந்தால் விஷயம் வேறு. எச்சில் இறங்குகிறது, ஆனால் சோறு நிற்கிறது. ரசமோ மோரோ ஊற்றிக் கரைத்தால்தான் போகிறது. சப்பாத்தியை விட்டாயிற்று, பிறகு இட்லியையும் விட்டாயிற்று, இப்போது கஞ்சி மட்டும். இது தோற்றம் இல்லை. பாதை எங்கேயோ குறுகியிருக்கிறது. இதற்குக் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காரக்கூடாது.

உருண்டை எங்கிருந்து வருகிறது?

இதை இப்போதே செய்து பார்க்கலாம். வாயில் தண்ணீர் எதுவும் இல்லாமல், வெறும் எச்சிலை நாலைந்து தடவை அடுத்தடுத்து விழுங்கிப் பாருங்கள். மூன்றாவது, நாலாவது தடவை கஷ்டமாக இருக்கும். தொண்டைக்குழிக்குள் ஏதோ இறுக்கிப் பிடித்த மாதிரி, உருண்டை நிற்கிற மாதிரி தெரியும். உங்களுக்கு ஒரு நோயும் இல்லை, ஆனாலும் தெரிகிறது. விழுங்க எதுவும் இல்லாமல் விழுங்கினால் தொண்டை அப்படித்தான் செய்யும்.

தொண்டை முடிந்து உணவுக்குழாய் ஆரம்பிக்கும் இடத்தில் சுருக்குப் பை வாய் போல ஒரு தசை வளையம் இருக்கிறது. சும்மா இருக்கும்போது அது இறுக மூடியிருக்கும். விழுங்கும்போது மட்டும் ஒரு நொடி தளர்ந்து வழிவிடும். கவலை, கோபம், பயம், தூக்கமின்மை வந்தால் கழுத்தும் தோளும் விறைத்துக்கொள்வது நமக்குத் தெரியும். இந்தத் தசையும் அப்படி விறைத்துக்கொள்ளும். ஏதோ இருக்கிறதே என்று நாம் திரும்பத் திரும்ப விழுங்குவோம், கனைப்போம், காறுவோம். அதனால் தொண்டை இன்னும் எரிச்சலாகும், தசை இன்னும் இறுகும். உருண்டையை நாமே ஊதிப் பெரிதாக்குகிறோம் என்றுகூடச் சொல்லலாம்.

அழுகையை அடக்கும்போது தொண்டை அடைக்கும் இல்லையா, அதற்கும் காரணம் இருக்கிறது. அழுகை வரும்போது நிறைய மூச்சு இழுப்பதற்காக மூச்சுக்குழாயின் வாசல் அகலமாகத் திறக்கப் பார்க்கும். விழுங்குவதற்கோ அது மூடவேண்டும். நாலு பேர் முன்னால் அழக்கூடாதென்று நாம் விழுங்கி விழுங்கி அடக்குகிறோம். ஒன்று திற என்கிறது, ஒன்று மூடு என்கிறது. அந்த இழுபறிதான் நெஞ்சுக்கும் வாய்க்கும் நடுவில் கல்லாக உட்காருகிறது.

2020 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். கொரோனா பரவியதால் கோயம்பேடு காய்கறிச் சந்தையைத் தற்காலிகமாக நம் திருமழிசைக்கு மாற்றினார்கள். அந்த நாட்களில் தொண்டையில் லேசாகக் கரகரப்பு வந்தாலே ஊரெல்லாம் நடுங்கியது. நாள் முழுக்கத் தொண்டையையே கவனித்துக்கொண்டிருந்தால், சாதாரண நாளில் கண்டுகொள்ளாத சளியும் கரகரப்பும்கூடப் பெரிதாகத் தெரியும். ஆனால் இதற்காக "எல்லாம் உன் மனசுதான்" என்று தள்ளிவிடுவதும் சரியில்லை. அவளுக்குத் தெரிகிற இறுக்கம் நிஜம், விறைத்துப்போன தசையும் நிஜம்.

இந்தத் தள்ளிவிடுதலுக்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. பழங்காலக் கிரேக்க வைத்தியர்கள் இப்படி உருண்டை நிற்பதைப் பெண்களின் நோய் என்று எழுதி வைத்தார்கள். கர்ப்பப்பை இடம் பெயர்ந்து மேலே ஏறி வந்து தொண்டையை அடைக்கிறதாம்! 'ஹிஸ்டீரியா' என்ற வார்த்தையே கர்ப்பப்பைக்கான கிரேக்கச் சொல்லில் இருந்து வந்ததுதான். பிறகு பல நூறு வருடங்களுக்கு டாக்டர்களும் இதை 'ஹிஸ்டீரியா உருண்டை' என்றே எழுதினார்கள். 1968-ல்தான் மால்கம்சன் என்ற மருத்துவர், இந்தத் தொந்தரவோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று எடுத்துச் சொல்லி, 'தொண்டை உருண்டை' என்று பொருள்படும்படி பெயரை மாற்றினார். ஆண்களுக்கும் இது வருகிறது. நன்றாக இருக்கும் ஆட்களிடம் கேட்ட கணக்கெடுப்புகளிலேயே ஏறக்குறைய பாதிப்பேர் வரை எப்போதாவது இது வந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மனசு மட்டுமே காரணம் என்றும் இல்லை. வயிற்றுப் புளிப்பு மேலே எதுக்களித்து வந்தாலும் தொண்டை இப்படி ஆகும். நம் வீட்டு வழக்கத்தைப் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில் டீ. சிட்கோ எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு டிபன் சாப்பிட நேரமில்லை, பத்து மணிக்கு இன்னொரு டீ. ராத்திரி எல்லோருக்கும் போட்டுவிட்டு, பாத்திரம் கழுவி, பத்து பத்தரைக்கு மிச்சமிருக்கும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே பாயில் சாய்வது. புளிப்பு மேலே வராமல் என்ன செய்யும்? சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் 3 மணி நேரம் இருக்கவேண்டும் என்கிறார்கள். குடும்பத்தோடு எட்டு மணிக்கே நாமும் உட்கார்ந்து சாப்பிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். யாரும் சாப்பிடுவதற்கு முன்னால் நாம் சாப்பிட்டால் குற்றமில்லை, சகோதரிகளே.

மூக்கில் இருந்து சளி பின்பக்கமாகத் தொண்டையில் இறங்குவதும், தைராய்டு வீக்கமும் இதே உணர்ச்சியைத் தரலாம். இவற்றை டாக்டர் பார்த்துச் சொல்லிவிடுவார்.

மருந்து எடுக்கப் போகிறவர்கள்

இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேசவேண்டும். தொண்டையில் ஏதோ நிற்கிறது என்றதும் நம் பக்கம் நிறையப் பேருக்கு முதலில் தோன்றுவது ஆஸ்பத்திரி இல்லை. "யாரோ சாப்பாட்டுல மருந்து வச்சிருக்காங்க, அதான் இறங்காம நிக்குது" என்பார்கள். 'இடுமருந்து எடுக்கப்படும்', 'குழந்தைகளுக்குத் தொக்கம் எடுக்கப்படும்' என்ற போர்டுகளைப் பார்க்காதவர்கள் நம்மில் யார்? அங்கே போனால் வயிற்றிலோ கழுத்திலோ வாயை வைத்தோ, குழலை வைத்தோ உறிஞ்சி, ஒரு மயிர்ச் சுருளையோ கறித்துண்டையோ கருப்பாக ஒரு கட்டியையோ துப்பிக் காட்டுவார்கள். "பாத்தியாம்மா, இதுதான் இத்தனை நாளா உள்ள இருந்துது." தட்சணை கொடுத்துவிட்டு வருவோம். உண்மையிலேயே இரண்டு நாள் நன்றாகவும் இருக்கும்.

தோலை அறுக்காமல் வயிற்றுக்குள் இருப்பதை வெளியில் இருந்து உறிஞ்சி எடுக்க முடியாது. அது நடக்காத காரியம். அப்படியானால் எப்படிச் சரியாகிறது? மேலே சொன்ன உருண்டை தானாகவே வந்து தானாகவே போகும் தன்மை கொண்டது. அதோடு, ஒருத்தர் உட்கார வைத்துக் கேட்டார், கண்ணுக்கு எதிரே ஒன்றைக் காட்டி "போயிடுச்சு" என்றார். பயம் விட்டது, தசை தளர்ந்தது. அவ்வளவுதான். போகிறவர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நிமிடம்கூடக் காது கொடுக்காதபோது, அரைமணி நேரம் கேட்கிற ஆளிடம் போகத்தான் தோன்றும்.

ஆனால் இரண்டு கெடுதல் உண்டு. ஒன்று, "மருந்து வச்சது யாரு?" என்ற கேள்வி வீட்டுக்குள் நுழைந்துவிடும். மாமியாரா, ஓரகத்தியா, பக்கத்து வீட்டுக்காரியா? ஒரு தொண்டை வலியில் ஆரம்பித்து இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதை எத்தனை தெருவில் பார்த்திருக்கிறோம். இரண்டாவது இன்னும் பெரியது. நிஜமாகவே பாதை குறுகிய ஒருத்தி அங்கே மூன்று தடவை, நாலு தடவை என்று போய்க்கொண்டிருந்தால் அந்த மாதங்களை யார் திருப்பித் தருவது?

ரத்தச் சோகைக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. நம் பெண்களுக்கு இதுதான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உடம்பில் இரும்புச் சத்து ரொம்ப நாளாகக் குறைந்துகொண்டே போனால், உணவுக்குழாய் ஆரம்பிக்கும் இடத்தில் மெல்லிய சவ்வு மாதிரி ஒரு தடுப்பு வளரலாம். எல்லோருக்கும் வராது, ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் நடுவயதுப் பெண்கள். 1919-ல் பிரிட்டனில் பேட்டர்சன், பிரவுன் கெல்லி என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே இதை விவரித்து எழுதினார்கள். அமெரிக்க மருத்துவர்களான பிளம்மர், வின்சன் பெயரிலும் இதைச் சொல்வார்கள். சாப்பாடு முன்னேறிய நாடுகளில் இது இப்போது அபூர்வம். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் இன்னும் பார்க்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தச் சோகை. நம் குழுவில் 12 பேர் உட்கார்ந்தால் ஆறு பேர்.

அறிகுறிகள் மெதுவாக வரும். சட்டென்று சளைத்துப்போவது, படியேறினால் மூச்சு வாங்குவது. வாயோரம் வெடிப்பது, நாக்கு வழவழவென்று ஆகிக் காரம் பட்டால் எரிவது, நகம் கரண்டி மாதிரிக் குழிவது. பச்சரிசி, பல்பம், சாம்பல், திருநீறு, மண் என்று எதையாவது வாயில் போட்டுக்கொண்டே இருக்கத் தோன்றுவதும் இரும்புச் சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். வெட்கப்பட்டு மறைப்பார்கள். மறைக்க வேண்டாம், டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். பிறகு சோறு மெல்ல மெல்ல இறங்காமல் போகும். இது வருடக்கணக்கில் நடப்பதால் அந்தப் பெண்ணுக்கே தெரியாது. சின்னச் சின்ன உருண்டையாகப் பிடிப்பாள், ரொம்ப நேரம் மெல்லுவாள், பந்தியில் கடைசியாக எழுந்திருப்பாள். "அவ எப்பவும் மெதுவாத்தான் சாப்பிடுவா" என்று வீட்டில் சொல்வார்கள். உங்கள் குழுவில் அப்படி ஒருத்தி இருந்தால் கொஞ்சம் கவனியுங்கள்.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. இரும்புச் சத்து மாத்திரையும், தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி குழாய் வழியாகச் சவ்வை விரித்து விடுவதும்தான். பெரிய ஆபரேஷன் இல்லை. கவனிக்காமல் விட்டால் ஒரு சிலருக்கு அந்த இடத்தில் புற்றுநோய் வர வாய்ப்பு இருப்பதால், சரியான பிறகும் அவ்வப்போது காட்டிக்கொள்ள வேண்டும்.

ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை. கர்ப்பிணிகளுக்கு 11. மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வாங்கி அலமாரியில் வைத்தால் ரத்தம் ஊறாது. மலம் கருப்பாகப் போகும், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். சாப்பாடு முடிந்த கையோடு டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தாலே கீரையில் இருக்கும் சத்து கொஞ்சம் கூடுதலாக ஒட்டும். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இன்னும் நல்லது.

எப்போது தள்ளிப்போடக்கூடாது?

கெட்டிச் சாப்பாடு நிற்கிறது, விழுங்கினால் வலிக்கிறது, தானாக எடை குறைகிறது, குரல் மாறி 3 வாரமாகியும் திரும்பவில்லை, கழுத்தில் கட்டி தெரிகிறது, எச்சிலில் ரத்தம், ஒரு பக்கம் மட்டும் காதுவரை வலி, சாப்பிடும்போது புரையேறிக்கொண்டே இருக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்கவேண்டும். வெற்றிலையில் புகையிலை வைத்துப் போடுகிறவர்கள், பாக்கெட் பாக்கு மெல்லுகிறவர்கள் இரண்டு மடங்கு உஷாராக இருக்கவேண்டும். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-லேயே அறிவித்துவிட்டது.

மூச்சே விட முடியாமல் திணறினால் அது வேறு கதை, உடனே 108.

நிஜமாகவே ஒன்று மாட்டிக்கொள்வதும் உண்டு. செம்பரம்பாக்கம் ஏரிக் கெண்டை மீனைக் குழம்பு வைத்தால் அதில் கவட்டை மாதிரிப் பிளந்த பொடி முள் இருக்கும். மாட்டினால் உடனே சோற்று உருண்டையையும் வாழைப்பழத்தையும் முழுங்கச் சொல்வார்கள். சில சமயம் போகும். சில சமயம் முள் இன்னும் ஆழமாகக் குத்தும். விரலை விட்டுத் துழாவுவது அதைவிட மோசம். தண்ணீர் குடித்தும் போகாமல் குத்துகிறது என்றால் டாக்டரிடம் போய் எடுத்துக்கொள்வதே மேல். முள் போன பிறகும் கீறல் ஆறும்வரை ஒன்றிரண்டு நாள் இருக்கிற மாதிரியே தோன்றும். குழந்தை கடிகார பேட்டரி போன்ற வட்ட பேட்டரியை விழுங்கிவிட்டால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

டாக்டரிடம் போகும்போது

பூந்தமல்லி அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். மேற்கொண்டு பார்க்கவேண்டும் என்றால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, கீழ்ப்பாக்கத்துக்கோ, சென்ட்ரல் எதிரில் இருக்கும் ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். அங்கே கூட்டம் இருக்கும், பேச நேரம் குறைவு. அதனால் வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டு போங்கள். எத்தனை நாளாக இருக்கிறது? சாப்பிடும்போதா, சும்மா இருக்கும்போதா? எது இறங்குகிறது, எது நிற்கிறது? எடை குறைந்ததா? ரவிக்கை தளர்ந்திருந்தால் அதையும் சொல்லலாம். பாக்கு, புகையிலை போடுவதை மறைக்கவே கூடாது. "தொண்டையில ஒரு மாதிரி இருக்கு டாக்டர்" என்று மட்டும் சொன்னால் சளி மாத்திரைதான் கிடைக்கும்.

சின்னக் கண்ணாடியாலோ மெல்லிய குழாய் கேமராவாலோ தொண்டையைப் பார்ப்பார்கள். குமட்டும், வலிக்காது. ரத்தப் பரிசோதனை எழுதாவிட்டால் "ஹீமோகுளோபினும் பார்த்துடுங்க டாக்டர்" என்று நாமே கேட்கலாம். கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

எல்லாம் பார்த்து "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டால், அந்த வார்த்தையை நம்புங்கள். பல பேருக்கு அதைக் கேட்டதிலேயே பாதி குறைந்துவிடும். மீதிக்கு, காறுவதையும் வெறும் எச்சில் விழுங்குவதையும் நிறுத்தவேண்டும். தோன்றும்போதெல்லாம் ஒரு மடக்குத் தண்ணீர் போதும். வாயை மூடிக்கொண்டு மெதுவாக 'ம்ம்ம்' என்று முனகுங்கள், தாலாட்டுப் பாடுகிற மாதிரி. நன்றாகக் கொட்டாவி விடுங்கள். தோளைக் காதுவரை தூக்கித் தொப்பென்று விடுங்கள். தசை தளர இவை உதவும். வாரக்கணக்கில் ஆகலாம், வந்து வந்து போகலாம்.

தவணை கட்டவேண்டிய வாரத்தில் மட்டும் உருண்டை வருகிறதென்றால், அதையும் யாரிடமாவது பேசவேண்டும். தனியார் நிதி நிறுவனத்தில் வாங்கிய கடனை வீட்டுக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். ஊக்குநரிடமோ பிரதிநிதியிடமோ தனியாகச் சொல்லுங்கள். தவணையை மாற்றிக் கட்ட வழி பார்க்கலாம். குழுவில் சொல்ல மனம் வராவிட்டால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில், பெயர் சொல்லாமல் தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று, மாத்திரையைப் பற்றி. ராத்திரி படுக்கும்போது ஒரு வாய் தண்ணீரில், சில சமயம் தண்ணீரே இல்லாமல், மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாய்ந்துவிடுகிறோம். அது பாதி வழியில் ஒட்டிக்கொண்டு அந்த இடத்தையே புண்ணாக்கும். இரும்புச் சத்து மாத்திரை இதைச் செய்யும். உட்கார்ந்தோ நின்றுகொண்டோ ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போட்டுக்கொண்டு, அரைமணி நேரம் கழித்துப் படுங்கள்.